அபு ஹுஸ்னியின் அப்பா குடிக்காமல் வந்த கஹ்வா

ஹுஸ்னி என்று ஒரு மகன் அபு ஹுஸ்னிக்குக் கிடையாது. கடைக்கு வருகிற புது ஆட்கள் எல்லாம் "ஹுஸ்னி என்ன பண்றான், படிக்கிறானா?" என்று கேட்பார்கள். அவனும் சளைக்காமல் "டாக்டருக்குப் படிக்கிறான், ரொம்பக் கெட்டிக்காரன்" என்பான். இப்படியே அந்த இல்லாத பிள்ளை வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறான். எங்களுக்குள் ஒருவனுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே, அவன் மூத்த மகனுக்குத் தன் அப்பா பெயரைத்தான் வைப்பான் என்று நாங்களே முடிவு செய்து, 'அபு' சேர்த்து, அந்தப் பெயரின் தகப்பன் என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவோம். அவன் அப்பா பெயர் ஹுஸ்னி. அதனால் இவன் அபு ஹுஸ்னி. பிறந்தவை மூன்றும் பெண்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது. அம்மா வைத்த பெயர் ஷஃபீக்.

அவன் மனைவி விதாத் என் சின்னம்மா மகள். என் அம்மாவும் அவள் அம்மாவும் ஒரே போர்வைக்குள் உதைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். ஆகவே ஷஃபீக் எனக்கு மச்சான். அவன் அம்மா ரஸ்மிய்யா வழியாகப் பார்த்தால் இன்னொரு முறையும் வருகிறது. அந்த வழியில் போனால் திரும்பி வர முடியாது, விடுகிறேன்.

ஷஃபீக் வீட்டார் பாலஸ்தீனத்தில் பைத் நபாலா ஊர்க்காரர்கள். அந்த ஊரை நாற்பத்தெட்டுப் போரில் இடித்துவிட்டார்கள். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் கல்யாணம் பேசும்போது மட்டும் எங்கிருந்தோ வந்து நடுவில் உட்கார்ந்துவிடும். ஷஃபீக் பிறந்தது ஜலஸூன் அகதி முகாமில். ஐக்கிய நாடுகள் கொடுத்த மாவு மூட்டைத் துணியில்தான் ரஸ்மிய்யா பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைப்பாள். ஷஃபீக்கின் பின்பக்கத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருந்தது. இன்றைக்குச் சிகாகோ பக்கத்தில் பிரிட்ஜ்வியூவில் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். "அன்னைக்கு என்னை விக்கக் கூடாதுன்னு எழுதினான். அதனாலதான் மத்த எல்லாத்தையும் வித்துட்டிருக்கேன்" என்பான்.

அமெரிக்காவுக்கு அவன் வந்தது விமானம் ரிப்பேர் செய்யும் படிப்புக்கு என்று சொல்லித்தான். வந்து இறங்கிய விமானத்தைத் தவிர வேறு எந்த விமானத்தின் பக்கமும் போனதில்லை. மளிகைக் கடையில் நின்றான், வாடகைக் கார் ஓட்டினான், வக்கீல்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தான். குடியுரிமை அதிகாரி "எந்த இயக்கத்திலாவது இருந்திருக்கிறாயா?" என்று கேட்டபோது, கல்யாண வீடுகளில் தப்கே ஆடும் குழுவில் இருந்ததாகச் சொல்லி, எழுந்து ஆடியும் காட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் காகிதம் வர இன்னும் சில வருஷம் ஆனது.

எதற்கும் அசையாத ஆள், எல்லாவற்றுக்கும் சிரிக்கிற ஆள். ஆனால் அவனுக்குள் ஒரு கிண்ணம் கஹ்வா, எங்கள் கறுப்புக் காப்பி, மட்டும் ஆறாமல் இருந்தது. தப்பு, ஆறிப்போய் இருந்தது.

ஜலஸூன் முகாமுக்கு மேலே குன்றில் ஒரு கிராமம். அத்தி மரமும் சொந்தக் கிணறும் உள்ளவர்கள். அவர்களுடைய கல்குவாரியில்தான் ஷஃபீக்கின் அப்பா கல் உடைத்தார். மூத்த மகன் ஜமீல் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினான். வேறு வழியில்லாமல் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு அப்பா பெண் கேட்கப் போனார். அப்போதுதான் ஷஃபீக்குக்கு மீசை அரும்பியிருந்தது. ஆம்பிளைகளோடு சமமாக உட்காரவைத்து அவன் கையிலும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் கிண்ணம்.

எங்கள் வழக்கத்தில், பெண் கேட்டுப் போன கூட்டத்தின் தலைவர் சர்க்கரை போடாத அந்தக் கஹ்வாவை வாங்கி, வாயில் வைக்காமல் எதிரே வைத்துவிடுவார். அவர் வைத்தால் எல்லோரும் வைக்க வேண்டும். பிறகு வந்த காரியத்தைச் சொல்வார். வீட்டுக்காரர் "கஹ்வாவைக் குடிங்க" என்றால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. குடித்துவிட்டு எல்லோரும் கையேந்திக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டால் பிறகு பின்வாங்குவதற்கு வழி கிடையாது. வீட்டுக்காரர் சொல்லாவிட்டால் கஹ்வா ஆறும். எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

அந்த வீட்டுக்குப் பெரியவர் பெண்ணின் அண்ணன், அபு லுத்ஃபி. கல்போல உட்கார்ந்திருந்தார். கிண்ணங்களில் ஆவி அடங்கியது. கடைசியில் தன் பக்கத்து ஆளிடம் சொல்வது மாதிரி எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "மாவு மூட்டைக்காரங்களுக்கு எங்க வீட்டுல பொண்ணு இல்ல."

ஷஃபீக்கின் அப்பா எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அந்தக் குன்றை விட்டு இறங்கினார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் யார் வீட்டிலும் கஹ்வா குடிக்கவில்லை. தேநீர்தான். ஜமீல் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஜமீல் அடுத்த வருஷமே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு யோர்தானில் ஸர்காவில் வீடு நிறையப் பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறான். அந்தப் பெண்ணின் பெயர் அவனுக்கே மறந்துவிட்டது. நான் போனில் கேட்டேன், "எந்தப் பொண்ணு?" என்றான். மறக்காதவன் தம்பி ஒருவன்தான்.

காலம் அபு லுத்ஃபியையும் உருட்டிவிட்டது. கிணறும் அத்தி மரமும் இருந்த இடத்தில் சாலை வந்தது, சாலைக்கு அந்தப் பக்கம் வேலி வந்தது. மகன் லுத்ஃபி அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டான். இப்போது எங்களுக்குப் பக்கத்து ஊரில், மகன் வீட்டு நிலவறையில் கட்டிலும் டிவியுமாக இருக்கிறார். தொழுகைக்கு வரும்போது பார்ப்பேன். ஷஃபீக்கும் பார்ப்பான். ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வார்கள். ஸலாம் சொல்லாமல் இருப்பது பாவம் என்பதால் மட்டும்.

இப்படியிருக்கையில் ஷஃபீக்குக்குப் பல்வலி வந்தது. அவன் மூத்த மகள் அரீஜ், பள்ளிக்கூட டீச்சர், பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இளைஞன், மரியாதையான பையன், பெயர் ஹைதம். வலிக்காமல் பிடுங்கினான். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே ஷஃபீக் "ழீ யாழு மகன்?" என்று கேட்டான்.

"லுத்ஃபி மகன். தாத்தாவை உங்களுக்குத் தெரியுமே, சித்தப்பா. அபு லுத்ஃபி."

ஷஃபீக் பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டான். அரீஜ் வரவில்லை. அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்கிறேன் என்று நின்றவள், அப்பாவுக்கு வேறு பல்லே கெட்டுப்போகாத நிலையில் பலமுறை நாள் குறித்தாள்.

விஷயம் வெளியே வந்ததும் ஷஃபீக் குதித்தான். "பல்லையும் பிடுங்கிட்டான், பொண்ணையும் பிடுங்கப் பாக்குறான்! அந்தக் கிழவன் பேரனுக்கா? என் பிணத்து மேல."

அரீஜ் அழவில்லை, ஓடிப்போகவும் இல்லை. அவள் ரஸ்மிய்யாவின் பேத்தி. "யாபா, நீங்க வாயத் திறந்து சரின்னு சொல்லாம நான் கட்டிக்க மாட்டேன். நீங்க சொல்ற வரைக்கும் வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன். அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்த உட்கார்ந்தாள். அந்த 'அவசரமில்ல'தான் விதாத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

லுத்ஃபி ஆட்களை அனுப்பிப் பார்த்தான். இங்கேதான் ஷஃபீக்கின் குயுக்தி. அந்த வீட்டு ஆள் யார் வந்தாலும் சிரித்த முகத்தோடு வரவேற்பான், பழம் வைப்பான், இனிப்பு வைப்பான், பிறகு தேநீர் கொடுப்பான். தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்து யாரும் எதையும் கேட்க முடியாது. தேநீருக்கு அந்த அதிகாரம் கிடையாது. வந்தவர்கள் கஹ்வா வரும் வரும் என்று காத்திருந்து, வயிறு நிறையத் தேநீரோடு கழிவறையைக் கேட்டுப் போய்விட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒருமுறை நானே கேட்டேன், "மச்சான், ஒரு கஹ்வா போடக் கூடாதா?"

"கஹ்வா உடம்புக்கு ஆகாது மச்சான். நரம்புத் தளர்ச்சி."

காலையில் ஒரு பானை குடிக்கிறவன் சொல்கிறான்.

அந்தச் சமயத்தில்தான் டிவிக்காரர்கள் ஊருக்குள் வந்தார்கள். பாலஸ்தீன அகதி ஒருவன் காகிதம் இல்லாமல் அமெரிக்காவில் படும் பாட்டைச் சிரிப்பும் அழுகையுமாகத் தொடர் எடுக்கிறார்களாம். அதை இயக்குகிறவள் தீமா. அப்பா நாப்லுஸ்காரர், பிறந்தது ஒஹாயோவில். எங்கள் பேச்சு அவளுக்கு நன்றாகப் புரியும், பதில் சொல்லும்போது மட்டும் நொண்டும். அகதிகளின் கதை கேட்க ஷஃபீக் கடைக்கு வந்தாள். முதல் நாள், அம்மாவைத் தோளில் சுமந்துகொண்டு யோர்தான் ஆற்றைக் கடந்ததாகச் சொன்னான். அடுத்த முறை, அம்மா அவனைச் சுமந்துகொண்டு கடந்தாள். அதற்கடுத்த முறை ஆற்றில் தண்ணீரே இல்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனவள், போகும்போது ஒரு மெத்தையும் வாங்கிக்கொண்டு போனாள்.

"சித்தப்பா, உங்க மூஞ்சி எனக்கு வேணும்" என்று ஒரு நாள் வந்து நின்றாள். கதாநாயகன் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டுப் போகிறான். பெண்ணின் அப்பா, காகிதம் இல்லாதவனுக்குப் பெண் இல்லை என்று கஹ்வாவை ஆறவைத்து அனுப்புகிறார். அந்த அப்பா வேஷம். ஷஃபீக் மீசையைத் தடவிக்கொண்டு யோசிக்கிறேன் என்றான். பெண் கேட்டு வரும் பெரியவர்களுக்கு ஆள் பிடிக்கும் வேலையை அவள் என்னிடம் கொடுத்தாள். "நல்ல நல்ல முகமா வேணும், சித்தப்பா. பழைய முகம்."

நான் விதாத்திடம் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டேன். சீமைச் சுரைக்காயைக் குடைந்துகொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்றது.

"அண்ணே, அபு லுத்ஃபியக் கூப்பிடு."

"உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு பேரையும் ஒரே அறையிலயா?"

"கூப்பிடுண்ணே. டிவிதானே. நிஜமா என்ன?" என்று சொல்லிவிட்டு, என் சின்னம்மாவைப் போலவே ஒரு பக்கமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என் சின்னம்மா அப்படிச் சிரித்த அன்றெல்லாம் யாராவது ஒருவர் எங்கேயாவது மாட்டிக்கொள்வார்கள்.

புருஷனிடம் அவள் வேறு மாதிரி சொன்னாள். "யா அபு ஹுஸ்னி, அந்த நாடகத்துக்கு நீங்க போக வேணாம். பெண் கேட்டு வர்ற கூட்டத்துக்கு அபு லுத்ஃபியைத் தலைவராப் போட்டிருக்காங்களாம். உங்களுக்குச் சங்கடம்."

ஷஃபீக் ரொட்டியைக் கீழே வைத்தான். "அந்தக் கிழவன்? என் வீட்டுக்கு? பெண் கேட்டு?"

"டிவி வீடுதான். நீங்க இல்லன்னு சொல்லணுமாம். எல்லா ஊர்லயும் காட்டுவாங்களாம். வேணாம், விட்டுடுங்க."

"விடறதா? எங்கப்பாவை ஒரு குன்று பாத்தது. இவனை உலகமே பாக்கட்டும்!"

அன்றிலிருந்து கடையில் வியாபாரம் நடக்கவில்லை. மெத்தைகளைச் சுவரோரம் சாத்திவைத்து, அவற்றையே பெரியவர்களாக நினைத்து, எதிரே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தான். இரண்டு புருவத்தையும் தூக்கி, மெதுவாக: "எங்க வீட்டுல குடுக்கறதுக்குப் பொண்ணு இல்ல." மெத்தை வாங்க வந்த ஒரு கிறிஸ்தவப் பெண்மணி பயந்து போய்விட்டாள்.

படப்பிடிப்பு ஓக் லானில் வாடகைக்கு எடுத்த வீட்டில். தங்க முலாம் பூசிய நாற்காலிகள், சுவர் முழுக்க அல் அக்ஸா படங்கள். எங்கள் வீடுகளில் ஒன்றுதான் இருக்கும், அங்கே எண்ண முடியவில்லை. நான், எங்கள் தொழுகைக் கூட்டாளிகள் சிலர், நடுவில் அபு லுத்ஃபி. ஒட்டக மயிர் அங்கியும் தலையில் வெள்ளைக் கஃபிய்யாவுமாக வந்திருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர், கை நடுங்குகிறது, ஆனால் உட்கார்ந்தால் குவாரி முதலாளியேதான். எதிரே ஷஃபீக், ஒரு மெத்தையைப் போல விறைத்து.

"ஸலாம்" என்றார் அபு லுத்ஃபி.

"ஸலாம்" என்றான் ஷஃபீக். "சௌகரியமா உக்காருங்க. ரொம்ப நேரம் உக்கார வேண்டியிருக்காது."

முதலில் கஹ்வா தகராறு. டிவிக்காரப் பெண் ஒருத்தி கிண்ணங்களில் எதையோ ஊற்றிக் கொண்டுவந்தாள். நான் நக்கிப் பார்த்தேன். கோலாவில் தண்ணீர் கலந்திருந்தார்கள்.

"என்ன எழவு இது?" என்றார் அபு லுத்ஃபி. "இதைக் குடிச்சா கல்யாணம் நடக்காது. விவாகரத்துதான் நடக்கும்."

"கேமராவில் ஒண்ணும் தெரியாது, சித்தப்பா" என்றாள் தீமா.

"கேமராவுக்குத் தெரியாது, அல்லாவுக்குத் தெரியும்."

பெரியவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் சமையலறைக் கதவு திறந்தது. விதாத். "நான் சும்மா பாக்கலாம்னு வந்தேன்" என்றாள். சும்மா பார்க்க வந்தவள் கையில் பித்தளைக் கெண்டியும், வீட்டில் வறுத்து இடித்த கஹ்வாத் தூளும், ஏலக்காயும் இருந்தன. கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க ஏலக்காய் மணம். ஷஃபீக்கின் மூக்கு இரண்டு முறை விடைத்ததைப் பார்த்தேன். தன் மனைவியின் கஹ்வா, அவனுக்கும் அபு லுத்ஃபிக்கும் நடுவில், முதன்முதலாக. அவனுக்கு உறைக்கவில்லை. அவன் தன் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"ரெடி?" என்றாள் தீமா. விளக்குகள் எரிந்தன.

கஹ்வா வந்தது. அபு லுத்ஃபி வாங்கினார், குடிக்காமல் எதிரே வைத்தார். கிண்ணம் தட்டில் டக்கென்று சத்தம் போட்டது. நாங்களும் வைத்தோம். கதாநாயகனாக நடித்த பையன் மட்டும் ஒரு மடக்குக் குடித்துவிட்டான், நான் அவன் விலாவில் இடித்தேன். அபு லுத்ஃபி பேச எழுதிக் கொடுத்தது ஒரே வரி. 'இந்தப் பையனுக்கு உங்கள் மகளைக் கேட்க வந்தோம்.' அவ்வளவுதான். ஆனால் அந்த வயதில் எழுதிக் கொடுத்தது எங்கே நிற்கும்? அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இறைவனைப் புகழ்ந்து, நபிக்கு ஸலவாத்துச் சொல்லி, எங்கள் பெரியவர்கள் காலம்காலமாகப் பேசுகிறபடியே ஆரம்பித்தார்.

"...நாங்க வந்திருக்கறது சின்ன வீடு இல்ல. பைத் நபாலா ஹுஸ்னி வீடு. நல்ல மனுஷன், கை சுத்தமான மனுஷன். அந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கறதே எங்களுக்குப் பெருமை. அவரு பேத்தியை எங்க பேரனுக்குக் கேக்கறோம்."

முகாம் என்று சொல்லவில்லை. மாவு மூட்டை என்று சொல்லவில்லை. பைத் நபாலா என்றார். நடிப்பா, நிஜமா? எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதற்கு "நாடகத்துல என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகமில்ல" என்கிறார். அவருக்கு அறுபத்தேழாம் வருஷம் எந்த ஆடு எத்தனை குட்டி போட்டது என்பது ஞாபகம் இருக்கிறது.

ஷஃபீக் புருவத்தைத் தூக்கினான். ஒத்திகையில் தூக்கிய மாதிரியே. வாயைத் திறந்தான். அபு லுத்ஃபியின் நடுங்கும் விரல்கள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தன. கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்து, மெலிந்து, இன்னும் கொஞ்சம் மெலிந்தது. வீட்டுக்கு வந்த வயதானவர். எதிரே ஆறிக்கொண்டிருக்கும் கஹ்வா. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் ஆள் எவனாலும் முடியாது. குன்றின் மேலிருந்த அந்த ஓர் ஆளால் மட்டும் முடிந்திருந்தது.

"குடிங்க" என்றான் ஷஃபீக். "கஹ்வாவைக் குடிங்க, ஹாஜி. வந்த காரியம் ஆச்சு."

நாங்கள் குடித்தோம். அவ்வளவு வேகமாக நான் எதையும் குடித்ததில்லை, நாக்கு வெந்துவிட்டது. யாரும் சொல்லாமலே எல்லோர் கையும் மேலே போனது, அபு லுத்ஃபி ஃபாத்திஹா ஓத ஆரம்பித்தார். ஷஃபீக்கின் கைகளும் பழக்கதோஷத்தில் மேலே போயிருந்தன. "ஆமீன்" என்று முகத்தைத் துடைத்தபோதுதான் அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து கண்கள் பெரிதாயின. அதே நொடி சமையலறையிலிருந்து விதாத்தின் குலவை. கண்ணாடி அதிர்ந்தது. காதில் கருவி மாட்டியிருந்த ஒலிக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"கட்! கட்!" தீமா ஓடி வந்தாள். "சித்தப்பா, என்ன பண்றீங்க? நீங்க முடியாதுன்னு சொல்லணும். கல்யாணம் ஆயிட்டா எனக்குத் தொடரே இல்லை!"

"தவறிடுச்சும்மா. இன்னொரு தடவை."

மறுபடியும் கஹ்வா ஊற்றினார்கள். மறுபடியும் அபு லுத்ஃபி கிண்ணத்தை வைத்தார். ஷஃபீக் பல்லைக் கடித்துக்கொண்டான். அபு லுத்ஃபி லேசாக முன்னால் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டார்: "சீக்கிரம் எதையாவது சொல்லுடா. எனக்கு மூத்திரம் முட்டுது."

"குடிங்க" என்றான் ஷஃபீக் பதறிப்போய்.

குலவை. கட்.

அதற்குப் பிறகு விதாத்தை வெளியே அனுப்பிவிட்டு, ஷஃபீக்கைச் சுவரில் மாட்டிய ஒரு படத்தைப் பார்த்துப் பேசச் சொன்னாள் தீமா. அப்போதுதான் வசனம் வந்தது. "எங்க வீட்டுல குடுக்கறதுக்குப் பொண்ணு இல்ல." சுவருக்குச் சொன்னான். கிண்ணங்கள் தொடப்படாமல் அப்படியே நின்றன. நாங்கள் எழுந்தோம். "அருமை!" என்று கத்தினாள் தீமா. அருமைதான், ஆனால் எங்களில் ஒருவர்கூட அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபாத்திஹா முதல் தடவையே ஓதியாயிற்று.

அபு லுத்ஃபி கழிவறையிலிருந்து திரும்பி வந்து ஷஃபீக்கின் தோளில் கை வைத்தார். "சம்பந்தி, கல்யாணத்தைக் கோடையில வெச்சுக்கலாமா?"

ஷஃபீக் துள்ளினான். "எந்தச் சம்பந்தி? இது நாடகம்!"

"அவங்களுக்கு நாடகம். உன் பொண்டாட்டி போட்ட கஹ்வா என் வயித்துல இருக்கு. அது நாடகமா?"

"ரெண்டு தடவை சொன்னே, மச்சான்" என்றேன் நான். "கேமராவே சாட்சி."

வாசலில் விதாத்துக்குப் பின்னால் அரீஜும் ஹைதமும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை யார் வரச் சொன்னது என்று கேட்க வேண்டியதில்லை. அரீஜ் சிரிக்கவில்லை. "யாபா, வேணாம்னா வேணாம். நாடகத்துல சொன்னதுக்கு நான் கட்டிக்க மாட்டேன். எனக்கு நீங்க சொல்லணும்" என்றாள். மாட்டிக்கொண்டவனுக்கு மகளே கதவைத் திறந்துவிட்டாள். விதாத்தின் முகம் விழுந்தது.

ஷஃபீக் அந்தக் கதவு வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தான். தொடாமல் நின்ற கிண்ணங்களில் கஹ்வா ஆறிப்போயிருந்தது. நடுவிலிருந்த ஒன்றை எடுத்து அபு லுத்ஃபியின் முன்னால் நீட்டினான்.

"இது எங்கப்பாவோடது" என்றான். "குன்றுக்கு மேல வெச்சுட்டு வந்தாரு. இதைக் குடிச்சாத்தான் பேச்சு."

அபு லுத்ஃபி அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்தும் எந்தக் கிண்ணம் என்று அவர் கேட்கவில்லை. வாங்கினார். பனிக்கட்டி போல ஆறிப்போனதை ஒரே மூச்சில் இல்லாமல், மெதுவாக, ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். அடியில் இருந்த கசண்டையும் விடவில்லை. பிறகு போதும் என்பதற்கு நாங்கள் செய்கிற மாதிரி கிண்ணத்தை இரண்டு முறை ஆட்டிக் காட்டினார்.

"நல்ல கஹ்வா" என்றார். பல்லில் தூள் கறுப்பாக ஒட்டியிருந்தது. "அன்னைக்கே குடிச்சிருக்கணும்."

ஷஃபீக் மகள் பக்கம் திரும்பினான். "நான் சொல்றேன்" என்றான். "நாடகம் இல்ல. நான் சொல்றேன். ஆனா அந்தப் பையன் இனி என் வாய்ல கை வைக்கக் கூடாது."

குலவைக்கு இந்த முறை யாரும் கட் சொல்லவில்லை. தீமா அழுதுகொண்டிருந்தாள். எதற்கு என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. கேமராக்காரன் விளக்கை அணைக்கச் சொன்னதைக் காதில் வாங்காமல் எல்லாவற்றையும் எடுத்திருந்தான்.

தொடர் வந்தபோது ஷஃபீக் கடையை மூடிவிட்டு எங்களை எல்லாம் உட்காரவைத்தான். அவன் மறுக்கிற காட்சியில் பாதி மீசைதான் தெரிந்தது. அதன் பிறகு, எல்லோரும் எழுந்து போன பிறகு தனியாக நிற்பது போலத் தெரிய, அபு லுத்ஃபி ஆறிய கஹ்வாவைக் குடிப்பதை மட்டும் ஒட்டியிருந்தாள் தீமா. முகம் முழுத்திரைக்கும். நகரத்தில் அதைத்தான் தொடரிலேயே பெரிய சிரிப்பு என்று பேசிக்கொண்டார்களாம். ஷஃபீக் சிரிக்கவில்லை. "நிறுத்து, நிறுத்து, திரும்பப் போடு" என்று அந்த இடத்தையே போட்டுப் பார்த்தான்.

கல்யாணம் கோடையில் நடந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கடையிலேயே உயர்ந்த மெத்தை. அபு லுத்ஃபியின் நிலவறைக்கும் ஒன்று அனுப்பினான், கல் மாதிரி ஒன்று. "குவாரிக்காரருக்கு அதுதான் பழக்கம்" என்றான்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அபு லுத்ஃபி அவன் வீட்டுக்குத்தான் வருகிறார். விதாத் கஹ்வா கொண்டுவருவாள். கிழவர் எடுத்துப் பழக்கத்தில் எதிரே வைப்பார். ஷஃபீக் உடனே குடிங்க என்று சொல்ல மாட்டான். பனியைப் பற்றிப் பேசுவான். மெத்தை விலை ஏறிவிட்டதைப் பேசுவான். ஸர்காவில் ஜமீலுக்கு மூட்டுவலி என்பான். கிழவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு, தாடையை அசைத்துக்கொண்டு காத்திருப்பார். ஆவி மெலிந்துகொண்டே வரும். அது முழுதும் அடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் ஷஃபீக் திரும்பி, அப்போதுதான் பார்த்த மாதிரி, "அட, குடிங்க ஹாஜி, ஆறிடப் போகுது" என்பான்.

"உங்கப்பன் நல்லவன்டா" என்று முனகிக்கொண்டே கிழவர் கிண்ணத்தை எடுப்பார். "நீதான் இப்படி."